பெயர் வேண்டாம், எண் போதும்

திருச்செல்வத்தை நான் அழிக்க நினைத்தது உண்மை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, 'பாவம், தெரியாமல் செய்துவிட்டாள்' என்று யாரும் எனக்காக உச்சுக்கொட்ட வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.

மலேசியாவில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக் கணக்கிடும் ஆய்வு அது. ஜொகூர் பகுதிக்கு டாக்டர் மஹ்மூதா தலைமை. பத்து வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்த நான் அவருக்குக் கீழே களக் கண்காணிப்பாளர். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே ஆறு மாதம் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எந்தெந்த ஊர், ஒவ்வோர் ஊரிலும் எந்த இருபத்தைந்து வீடு என்பதைக் கணினிதான் குலுக்கி எடுக்கும். வந்த வீடு வந்ததுதான். பூட்டிக் கிடந்தால் மூன்று தடவை போக வேண்டும். பக்கத்து வீட்டைத் தட்டி ஒப்பேற்றக் கூடாது.

அந்த ஆறு மாதத்தில் நான் மஹ்மூதாவோடு மல்லுக்கு நின்றது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ரத்தம் கொடுப்பவரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளலாம் என்றார் அவர். யாருக்காவது நோய் இருந்தால் நாமே கூப்பிட்டுச் சொல்லி மருந்துக்கு அனுப்பலாம் என்பது அவருடைய வாதம்.

"பேர் வேணாம் டாக்டர். எழுதி வச்சா எவனாவது ஒருத்தன் பாத்துருவான்."

"கம்ப்யூட்டர்ல பூட்டி வச்சா யாரு பாக்கப்போறா, சந்திரமதி?"

"பூட்டு போடுறதும் ஒரு ஆள்தானே டாக்டர்."

கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. ரத்தத்துளிகளை ஊறவிடும் தாளில் ஓர் எண் இருக்கும். அதே எண் போட்ட சின்ன அட்டை ஒன்று ரத்தம் கொடுத்தவர் கைக்குப் போகும். நாலு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லிப் போன் செய்தால் முடிவு தெரியும். எந்த எண் யாருடையது என்ற விவரம், லேப் 'ரத்தம் போதும்' என்று ஏற்றுக்கொள்ளும் வரைதான் என் டேப்லெட்டில் இருக்கும். ஏற்றவுடன் தானாக அழிந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஆளுக்கும் அந்த ரத்தத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்ன அட்டை மட்டும்தான். டாக்டருக்கே தெரியாது, எனக்கே தெரியாது. இந்த ஏற்பாட்டில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

குலுக்கலில் காஹாங் வந்தது. செம்பனை எண்ணெய்த் தோட்டத்து லயன் வீடுகளை இடித்த பிறகு தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, தாமான் என்பார்கள். இருபத்தைந்து வீடுகளின் பட்டியலில் ஒன்பதாவது பெயர் திருச்செல்வம்.

"நீங்க காஹாங் ஆளுதானே?" என்று மஹ்மூதா கேட்டார். "தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, வேற சூப்பர்வைசரப் போட்டுர்றேன். ரூல் அப்படி."

"நாங்க வெளியாகிப் பதினோரு வருஷம் ஆச்சு டாக்டர். இப்ப அங்க யாரையும் தெரியாது."

கண் இமைக்காமல் சொன்னேன்.

*

என் தம்பி ரூபேந்திரனுக்கு இருபத்து மூன்று வயதில் எச்.ஐ.வி. என்று தெரியவந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மாத்திரை இருந்தது. ஒழுங்காகப் போட்டால் கிழவனாகும் வரை வாழலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனும் ஒழுங்காகத்தான் போட்டான். மாதா மாதம் போய் மாத்திரை வாங்கும் கிளினிக்கில் கோப்பு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தவர் திருச்செல்வம். எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியிலும் அவர் இருந்தார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு ரூபேந்திரன் அலகு குத்திக்கொள்வதாக வேண்டியிருந்தான். நாற்பத்தெட்டு நாள் விரதம். ஆற்றில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு, ஈரம் சொட்டச் சொட்ட வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர். அப்போது திருச்செல்வம் மைக்கைப் பிடித்தார்.

"பிள்ளைங்க பாதுகாப்புக்காகத்தான் சொல்றேன். இந்த வரிசையில ஒருத்தருக்கு ரத்தத்துல நோய் இருக்கு. அவரா விலகிட்டா அவருக்கு மரியாதை."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அதற்கு முந்தின வாரமே சாப்பாட்டுக் கடையில் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி முடித்திருந்தார். அத்தனை பேரும் திரும்பி என் தம்பியைப் பார்த்தார்கள். அவனுக்கு முன்னால் நின்றவன் ஓர் அடி தள்ளி நின்றான். ரூபேந்திரன் கழுத்து மாலையைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் அதை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்தான்.

அந்தக் கிளினிக்குக்கு அவன் மறுபடி போகவில்லை. அந்த ஆளிடம் போய் நின்று கோப்பை எடுங்கள் என்று எப்படிக் கேட்பது என்றான். நாங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஜொகூர் பாருவுக்கு வந்தோம். இங்கேயும் கிளினிக் பக்கமே அவன் எட்டிப்பார்க்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் அடித்தும் பார்த்தேன். இரண்டு வருடத்தில் காசநோய் வந்து போய்ச் சேர்ந்தான். அப்போது அவன் எடை முப்பத்தெட்டு கிலோ.

கொன்றது நோய் இல்லை. எனக்கு அதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

*

எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அங்கே செல்வாக்குள்ள ஒருவரைப் பிடிக்க வேண்டும். அவர் ஒரு வார்த்தை சொன்னால்தான் கதவுகள் திறக்கும். அந்தத் தாமானுக்கும் கோயிலுக்கும் இப்போது ஒரே தலைவர், திருச்செல்வம். வேலை ஓய்வு பெற்றுத் தலைமுடிக்குச் சாயம் பூசி, வெள்ளைச் சட்டையில் கோயில் மண்டபத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைலோ கலக்கி வைத்திருந்தார்.

நான் முகக்கவசம் போட்டிருந்தேன். அப்படியும் கண்டுபிடித்துவிட்டார்.

"நீ லோரி மனோகரன் மகதானே? அலமாக், எவ்ளோ பெரிய ஆளாயிட்ட."

"ஆமா அங்கிள்."

"ஒனக்குத் தம்பி ஒருத்தன் இருந்தானே. சுருட்ட முடி. என்ன பேரு அது… இப்ப எங்க வேல செய்றான், சிங்கப்பூரா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். நடிப்பு இல்லை. நிஜமாகவே மறந்துவிட்டிருந்தார். பதினோரு வருடமாக இந்த மனிதர் என்றாவது ஓர் இரவு தூக்கம் வராமல் புரண்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். என் பைத்தியக்காரத்தனம். ஊரில் எல்லோரையும் போல நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

"ஜேபிலதான் அங்கிள்," என்றேன். அவனை எரித்தது ஜொகூர் பாருவில்தானே.

"நல்லது, நல்லது. நான் கேட்டேன்னு சொல்லு லா."

அவர் நீட்டிய மைலோவை வாங்கிக் குடித்தேன்.

ரத்தம் தனி அறையில்தான் எடுக்க வேண்டும். அவருடைய மனைவி ராஜம்மா அப்படித்தான் வந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் விரலை நீட்டிவிட்டுப் போனார். திருச்செல்வத்துக்கு அது சரிப்படவில்லை. மண்டபத்தின் நடுவில் நாற்காலி போடச் சொன்னார்.

"எனக்கு மறைக்க என்ன இருக்கு? எல்லாரும் பாக்கட்டும். நம்ம பொண்ணு நீயே எடு."

விரலைக் குத்தினேன். தடித்த தோல். தாளில் இருந்த ஐந்து வட்டங்களில் மூன்றுதான் ஒழுங்காக நிறைந்தன. இன்னொரு விரலைக் குத்த வேண்டும் என்றேன். "போதும் லா, போதும்," என்று எழுந்துவிட்டார். அவருக்குப் படம் எடுக்கும் அவசரம். அட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலை உயர்த்தி, பல் தெரியச் சிரித்து ஒரு படம். 'நான் கொடுத்துவிட்டேன், நீங்களும் கொடுங்கள்' என்று தாமான் வாட்ஸப் குழுவில் போட்டார். அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதில் என்ன எண் என்று அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். 4407.

ஆளுக்குச் செல்வாக்கு இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றே நாளில் இருபத்தைந்து வீடும் திறந்தன. ஐம்பத்தெட்டு பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஜொகூரிலேயே அப்படி ஓர் இடம் எங்களுக்கு அமையவில்லை என்று மஹ்மூதா பாராட்டினார்.

*

அடுத்த வாரம் லேப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. தலைப்பு மலாயில் இருந்தது: ரத்தம் போதவில்லை, மறுபடி எடுக்கவும். அதன் கீழே, காஹாங்குக்கு ஒரே ஓர் எண், சிவப்பு மையில் வட்டம் போட்டு. 4407. மற்ற ஐம்பத்தேழையும் லேப் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவற்றின் விவரங்கள் என் டேப்லெட்டிலிருந்து அழிந்துபோயின.

நான் மறுபடி எடுக்கத்தான் போனேன். சத்தியமாக அந்த நோக்கத்தோடுதான் காரை விட்டு இறங்கினேன். மண்டபத்தில் அவர் தனியாக இருந்தார். நான் பையைத் திறப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நம்ம எடத்துல எத்தன பேருக்கு இருக்கு?"

"எனக்குத் தெரியாது அங்கிள். தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"எனக்கு மட்டும் சொல்லு. வெளிய போவாது. அடுத்த மாசம் திருவிழா. பிள்ளைங்க அலகு குத்துறாங்க. அவங்க பாதுகாப்ப நான்தானே பாக்கணும்."

அதே வார்த்தை. பிள்ளைகள், பாதுகாப்பு. வேறு வார்த்தை எதையாவது சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பாரோ என்னவோ.

கிளிப் அட்டையில் இருந்த தாளை எடுத்து, தலைப்பு பின்பக்கம் போகும்படி மடித்துச் செருகினேன். சிவப்பு வட்டமும் 4407-ம் மட்டும் மேலே தெரிந்தன. அதை நாற்காலியில் வைத்தேன்.

"கை கழுவிட்டு வர்றேன் அங்கிள்."

மண்டபத்துக்குப் பின்னால் குழாய். நிதானமாகக் கழுவினேன், நகக்கண் வரைக்கும். திரும்பி வந்தபோது கிளிப் அட்டை நாற்காலியின் மறு ஓரத்தில் இருந்தது. திருச்செல்வம் விட்டத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கொஞ்சம் வேல இருக்கும்மா," என்று எழுந்து போய்விட்டார். ரத்தம் எடுக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டு நிறுத்த எனக்கு ஒரு விநாடி போதும். நான் கூப்பிடவில்லை. வழியில் காஹாங் கடைத்தெருவில் காரை நிறுத்திப் பீசாங் கோரேங், வாழைப்பழ பஜ்ஜி, வாங்கினேன். சூடாக நாலு துண்டு தின்றேன். எவ்வளவு ருசியாக இருந்தது என்று இன்னும் நினைவிருக்கிறது.

*

என் குழுவில் இருந்த செல்வராணியை முதல் நாளே அவர் வாட்ஸப் குழுவில் சேர்த்திருந்தார். அவள்தான் காட்டினாள். அன்று மாலை ஏழு மணிக்கு அவர் போட்ட செய்தி:

'நமது தாமானில் ஒருவருக்கு அந்த நோய் உறுதியாகிவிட்டது. எண் 4407. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. திருவிழாவுக்கு முன் அனைவரும் தங்கள் அட்டையைக் கொண்டுவந்து கமிட்டியிடம் காட்டவும்.'

ஒரு மணி நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் வாசுகி என்ற பள்ளி ஆசிரியை ஒரு படம் போட்டாள். திருச்செல்வம் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த அந்த அட்டை. எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். வேறொன்றும் எழுதவில்லை அவள்.

அவர் தன் செய்தியை அழித்தார். என்ன பிரயோஜனம். பெருமையில் அதற்குள் நாலு குழுக்களுக்கு அனுப்பி முடித்திருந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் செல்வராணி வழியாகத்தான் எனக்கு வந்தது. சாப்பாட்டுக் கடையில் அவர் குடித்த கிளாசைக் கடைக்காரர் தனியாக எடுத்து வைத்தாராம். முடிவெட்டும் இடத்தில் 'இன்னிக்கு ஆள் அதிகம் அண்ணே' என்றார்களாம், உள்ளே ஒருவரும் இல்லை. சிகாமட்டில் இருக்கும் மகன் பேரனைக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டான். கமிட்டிக் கூட்டத்தில், 'கொஞ்ச நாளைக்கு நீங்களா விலகி இருந்தா மரியாதை' என்று அவருக்கே சொன்னார்கள். அதைச் சொன்னபோது செல்வராணி சிரித்தாள். தாமான்காரர்கள் எல்லோரும், அட்டையைக் காட்டச் சொல்லி யாராவது வந்து நிற்பார்களோ என்று பயந்து, அன்றைக்கே கிழித்துச் சாக்கடையில் போட்டதையும் சருகோடு சேர்த்து எரித்ததையும் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பத்து நாள் கழித்து, மறுபடி ரத்தம் எடுக்க அவரை அழைத்தேன். ராஜம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை இல்லை. தலையில் சாயம் வெளுத்து, வேரில் நரை தெரிந்தது. நான் தனி அறைக்குக் கூப்பிட்டபோது மறுப்புச் சொல்லாமல் வந்தார்.

"அன்னிக்கு ஒங்க ரத்தம் பத்தல அங்கிள். அதான் திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தாங்க. நீங்க பாத்த தாள் அதுதான்."

அவர் வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப எனக்கு இல்லியா?"

"ரிசல்ட்டே இன்னும் வரல."

ஐந்து வட்டமும் நிறைய எடுத்தேன். அதே எண் போட்டுப் புது அட்டை கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம பூசைக்கு எல்லாரும் வருவாங்க. மைக்குல ஒரு வார்த்த சொல்லும்மா. ரத்தம் பத்தல, அவ்ளோதான்னு. பேரன் மொகத்தப் பாத்து ரெண்டு வாரம் ஆச்சு."

"யாரோட ரத்தத்தப் பத்தியும் வெளிய பேசக் கூடாது அங்கிள். கிளினிக்ல இருந்தப்ப ஒங்களுக்கும் இதே சட்டம்தான்."

"ஒரு வார்த்த லா."

"தம்பியக் கேட்டீங்கல்ல. அவன் பேரு ரூபேந்திரன். செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. மஞ்ச வேட்டியோட நின்னவன நீங்கதான் மைக்குல வெளிய போகச் சொன்னீங்க."

அவர் நினைவைத் துழாவியது முகத்தில் தெரிந்தது. ரொம்ப நேரம் பிடித்தது. நினைவு வந்ததும் அவர் சொன்னது இதுதான்: "அது பிள்ளைங்களுக்காகத்தானேம்மா சொன்னேன்."

எனக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனேன், நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

அடுத்த மாதம் மஹ்மூதா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"காஹாங் ரிசல்ட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஒண்ணு பாசிட்டிவ்."

எண்ணைச் சொன்னார். 4407 இல்லை.

"மத்த எடத்துல பாதிப் பேருக்கு மேல போன் பண்ணிட்டாங்க. காஹாங்ல அம்பத்தெட்டு பேர்ல ஒருத்தர்கூடப் பண்ணல. ஏன், சந்திரமதி? அங்க என்ன நடந்துச்சு?"

சருகோடு சேர்த்து எரித்தார்கள் என்று செல்வராணி சொன்னதும் நான் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. எண் இருக்கிறது, நோய் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது. ஆள் யாரென்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்த ஆளுக்கே தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆறு மாதம் சண்டை போட்டு வாங்கியவள் நான்.

மடித்த தாள், கை கழுவியது, எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பூட்டு போடுறதும் ஒரு ஆள்தான்னு நீங்கதான் சொன்னீங்க," என்றார். "நான் அந்த ஆள் நீங்கன்னு நெனைக்கல. கார் சாவியயும் டேப்லெட்டயும் வச்சுட்டுப் போங்க. நான் மேல எழுதணும்."

வேலை போனதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை என் சொந்தக் காரில் காஹாங் போனேன். முதலில் போனது திருச்செல்வம் வீட்டுக்கு. கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றார், திறக்கவில்லை.

"அங்கிள், எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிர்றேன். ஒங்களுது வெறும் ரத்தம் பத்தாததுதான்னு, நான்தான் வேணும்னு அந்தத் தாள வச்சேன்னு மைக்குல சொல்றேன். அப்பறம் நீங்க ஒண்ணு செய்யணும். எல்லாரையும் குளுவாங் கிளினிக்ல போய்ச் சோதிச்சுக்கச் சொல்லணும். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊர் வம்பிலேயே ஊறிய மூளை, ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டது.

"அப்ப இங்க யாருக்கோ இருக்கு."

ஆமாம் என்றால் அன்று சாயங்காலமே வேட்டை தொடங்கிவிடும். அது யாராக இருந்தாலும் ரூபேந்திரனைப் போலத்தான் போவார்கள்.

"நான் அப்படிச் சொல்லல அங்கிள்."

"யாரப் பத்தியும் பேசக் கூடாதுல்ல. சட்டம்ல." மரக்கதவையும் சேர்த்துச் சாத்தினார்.

அவருக்கும் பழிவாங்கத் தெரியும் என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை.

வீடு வீடாக நானே போனேன். சீருடை இல்லை, அடையாள அட்டை இல்லை. சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். "அவருதானே ஒன்னச் சொல்லச் சொல்லி அனுப்புனாரு?" என்றார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். வாசுகி மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "டீச்சர் வேல செய்றேன்கா. என்னப் போய் அந்தக் கிளினிக்ல யாராச்சும் பாத்தா அவ்ளோதான்," என்றாள்.

இருட்டுவதற்கு முன் காருக்குத் திரும்பினேன். பக்கத்தில் ராஜம்மா நின்றிருந்தார். பின்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இல்லை.

"எல்லாரையும் திரும்பச் சோதிக்கச் சொல்றியாமே. யாருக்கோ இருக்குன்னு அவரு சொல்றாரு. எனக்காம்மா?"

"தெரியாது ஆன்ட்டி. நெசமாவே தெரியாது. ஒங்க அட்ட இருக்கா?"

"அவரு எரிச்சிட்டாரு." தெருவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போறியா? அவருக்குத் தெரிய வேணாம்."

மறுநாள் குளுவாங்கில் விரலைக் குத்தி, முடிவுக்காக இருபது நிமிடம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ராஜம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். குளிர்ந்த கை. அந்த இருபது நிமிடமும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவருக்கே இருக்கட்டும் என்று வேண்டினேன். திருச்செல்வம் வீட்டிலேயே இருக்கட்டும், அவர் பெண்டாட்டிக்கே வரட்டும், தேடலும் இத்தோடு முடியட்டும் என்று, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே வேண்டினேன்.

இல்லை என்று நர்ஸ் வந்து சொன்னார். ராஜம்மா அழுதார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அதன் பிறகு ஆறு பேர் என்னோடு வந்தார்கள். ஒவ்வொருவராக, வெவ்வேறு நாளில், வீட்டில் ஏதாவது ஒரு பொய் சொல்லிவிட்டு. ஆறு பேருக்கும் இல்லை. மற்றவர்கள் வரவில்லை. அந்த எண்ணைச் சொல்லி இன்றுவரை யாரும் போன் செய்யவில்லை என்று மஹ்மூதா மாதம் ஒருமுறை எனக்கு இரண்டு வார்த்தையில் செய்தி அனுப்புகிறார்.

இந்த வருடத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். திருச்செல்வம் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவரை நான் மறுபடி திரும்பிப் பார்க்கவில்லை. பந்தல் காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அலகு குத்த நின்ற பையன்களை, பால்குடம் எடுத்த பெண்களை, சோறு பரிமாறியவர்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். யாருக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறது, யாருக்குச் சட்டை தொளதொளக்கிறது, யார் இருமுகிறார்கள் என்று ஒருவர் விடாமல் பார்த்தேன். பால்குடத்தோடு போன ஒரு பெண் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஓர் அடி தள்ளிப் போனாள்.